கரப்பான், இளைப்பு, தும்மல்: எங்கள் வீட்டு அடோபி

தோல் டாக்டரின் சீட்டில் ‘அடோபிக் டெர்மடைட்டிஸ்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் எல்லோரும் பின்பாதியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். டெர்மடைட்டிஸ் என்றால் தோல் அழற்சி, களிம்பு வாங்க வேண்டும், அவ்வளவுதான். பையனை வளர்த்ததில் எனக்குப் பட்டது வேறு. முன்பாதியில் நிற்கிற ‘அடோபி’யைப் பற்றித்தான் முதலில் டாக்டரை உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அது புரிந்துவிட்டால் எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது, எதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

அடோபி ஒரு நோயின் பெயர் கிடையாது. உடல்வாகு. வீட்டுத் தூசு, மகரந்தம், முட்டை, பால் என்று ஊரில் எல்லோருக்கும் ஒத்துப்போகிற சங்கதிகளைப் பார்த்து, ஐஜிஇ என்கிற ஆன்டிபாடியை, அதாவது எதிரியை அடையாளம் காண உடம்பு செய்கிற புரதத்தை, தேவையில்லாமல் உண்டாக்கி வைத்துக்கொள்கிற வாகு. பெற்றவர்கள் வழியாக முக்கியமாக இறங்குவது அந்த வாகுதான். தோலில் காட்டுமா, மூக்கில் காட்டுமா, நெஞ்சில் காட்டுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். அப்பாவுக்கு ஆஸ்துமா இருக்கும், பிள்ளைக்கு அது தோலரிப்பாக வரும். மூன்றும் ஒருவரிடமே சேர்வதும் உண்டு. ஒன்றுமே வெளியே தெரியாமல் ஆயுசு முழுக்க ஓடிவிடுவதும் உண்டு.

1923-ல் அமெரிக்காவில் ஆர்தர் கோக்கா, ராபர்ட் குக் என்ற இருவர் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்துமாவும் மகரந்தக் காய்ச்சலும் குறிப்பிட்ட சில குடும்பங்களில் மட்டும் தலைமுறை தலைமுறையாக வருவதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பத்து வருஷம் கழித்து, 1933-ல், தோலரிப்பும் அதே பெயருக்குள் வந்து சேர்ந்தது. ஐஜிஇ என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 1966, 67-ல்தான் ஜப்பானியத் தம்பதியான இஷிஸாகா இருவர் அமெரிக்காவிலும், யோஹான்சன், பென்னிக் என்ற இருவர் ஸ்வீடனிலும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள்.

நம் பக்கத்தில் யாரிடமாவது “குடும்பத்துல அலர்ஜி இருக்குதுங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்றுதான் பதில் வரும். அதில் பொய்யும் இல்லை. அலர்ஜி என்ற பேரில் எங்களிடம் எதுவும் இருந்ததில்லை. கரப்பான் என்கிற தோலரிப்பு இருந்தது, இளைப்பு என்கிற மூச்சிரைப்பு இருந்தது, பீனிசம் என்கிற மூக்கு நோவு இருந்தது, அடுக்குத் தும்மல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணமும் தயாராக இருந்தது.

கோவையில் நாங்கள் பார்த்த டாக்டர் விவரமானவர். அலர்ஜி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. “சின்னதுல யாருக்காச்சும் முழங்கை மடிப்புல, முட்டிக்குப் பின்னாடி கரப்பான் இருந்துதுங்களா? ஆடிக்காத்துல யாருக்கு மூச்சு வாங்கும்? விடிகாலைல எந்திரிச்சதும் பத்துத் தும்மல் போடறது யாருங்க?” என்று கேட்டார். அதுவரைக்கும் போகிற ஒறம்பரை வீட்டிலெல்லாம் “எங்க வம்சத்துல இப்பிடி ஒண்ணு கெடையாதுங்க, இது அவங்கம்மா வழி” என்று சொல்லிக்கொண்டிருந்த என் மாமியார் அந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்தார்.

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் வைத்து ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினோம். மாமனார் வாழ்நாளெல்லாம் காலையில் தும்மினார். மூக்குப்பொடி போடுகிறவர் தும்மாமல் என்ன செய்வார் என்று யாரும் அதைக் கணக்கில் வைக்கவில்லை. பொடியை விட்ட பிறகும் தும்மினார் என்பது எழுதும்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. நாத்தனாருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு வரைக்கும் கரப்பான். என் அம்மாவுக்கு இளைப்பு, கோபிசெட்டிபாளையத்தில் நெல்லு தூற்றுகிற நாளில் களத்துப் பக்கமே வரமாட்டார். எனக்குக் கண்ணரிப்பும் மூக்கடைப்பும். பத்திரிகையை வாங்கிப் பார்த்த மாமியார், “அப்ப ரெண்டு பக்கமும் சரிசமந்தான்னு சொல்லு” என்றுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அதற்குப் பிறகு வம்சப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தச் சொல்லால் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

டாக்டரிடம் போகுமுன் இப்படி ஒரு தாள் எழுதி எடுத்துப் போங்கள். பெற்றோர், கூடப்பிறந்தவர்கள் விவரம் கட்டாயம் இருக்க வேண்டும், அதுதான் கனமானது. ஒன்றுவிட்ட பெரியப்பாவின் இருமல் அவ்வளவு உதவாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும், இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் விதி மாதிரி நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு. ஜாதகத்தோடு இதையும் கேட்கத் தொடங்கிவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு. கேட்டால் நம் பக்கத்தில் கல்யாணமே நடக்காது.

அடுத்தது டெஸ்ட் சங்கதி. இதில்தான் காசும் நிம்மதியும் அதிகம் போகின்றன. என் சித்தி மகளின் குழந்தைக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்து, நீளமான பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கத்திரிக்காய், தேங்காய், கடலை, கோதுமை, பால் என்று எதிரே எல்லாம் ஏதோ ஓர் எண். டாக்டர் யாரும் பக்கத்தில் இருந்து விளக்கவில்லை. பாட்டிமார் ஏற்கெனவே கத்திரிக்காயையும் கருவாட்டையும் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். இப்போது அச்சடித்த சாட்சியே கிடைத்துவிட்டது. குழந்தை கொஞ்ச காலம் ரசஞ்சோறு மட்டும் சாப்பிட்டு எடை குறைந்ததுதான் மிச்சம். அரிப்பு அப்படியே இருந்தது.

ரத்தத்தில் ஒரு பொருளுக்கு எதிரான ஐஜிஇ இருந்தால், உடம்பு அதை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அதைச் சாப்பிட்டால் தொந்தரவு வரும் என்று அர்த்தமில்லை. அடோபி வாகு இருக்கிறவர்களுக்கு இப்படி வெறும் அடையாளங்கள் நிறையவே இருக்கும். மொத்த ஐஜிஇ அளவும் அப்படித்தான், குடற்புழு இருந்தால்கூட ஏறும். ஆகவே அந்த எண்ணை வைத்துக்கொண்டு பிள்ளையின் அலர்ஜி ‘எவ்வளவு’ என்று அளக்க முடியாது.

என் பையனுக்குச் செய்தது ஊசிக்குத்துச் சோதனை. முன்கையின் உள்பக்கம் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு வைத்து, சொட்டுக்குள்ளே தோலை மெல்லக் குத்துகிறார்கள். ரத்தம் வராது. ஒரு சொட்டு வெறும் உப்புத் தண்ணி, அது தடிக்கக் கூடாது. ஒரு சொட்டு, அரிப்பும் தடிப்பும் உண்டாக்குகிற ஹிஸ்டமின், அது தடித்தே ஆக வேண்டும். இந்த இரண்டும் சரியாக நடந்தால்தான் மற்றதை நம்பலாம். பதினைந்து இருபது நிமிஷத்தில் கொசுக்கடி மாதிரி எழும்புகிற தடிப்பை அளந்து, உப்புத் தண்ணிச் சொட்டைவிட மூன்று மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் பாசிட்டிவ் என்கிறார்கள். செட்ரிசின் மாதிரி அரிப்பு மாத்திரைகளை ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதுவுமே எழும்பாது. எதை எப்போது நிறுத்துவது என்று நாள் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆஸ்துமா மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பையனுக்குத் தூசுச் செள்ளு என்கிற, மெத்தைத் தூசில் வாழும் நுண்பிராணிக்குப் பெரிய தடிப்பு, கரப்பான்பூச்சிக்கு நடுத்தரம், கத்திரிக்காய்க்கு லேசாக. மாமியார் கத்திரிக்காயைக் காட்டி, “பாத்தீங்களா, நாஞ் சொன்னேன்ல” என்றார்.

“கத்திரிக்காய் சாப்பிட்டா பையனுக்கு என்ன ஆகுதுங்கம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“ஒண்ணும் ஆகறதில்லீங்க.”

“அப்பறம் எதுக்குங்க நிறுத்தோணும்? போடுங்க.”

அத்தோடு முடிந்தது. நன்றாக ஒத்துப்போகிற சாப்பாட்டைச் சந்தேகத்தின் பேரில் ரொம்ப நாள் நிறுத்தி வைத்தால், திரும்பக் கொடுக்கும்போது நிஜமாகவே ஒவ்வாமல் போகும் அபாயம் உண்டு என்றும் டாக்டர் சொன்னார். ஆனால் ஒன்றைச் சாப்பிட்ட சில நிமிஷங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால் அது நிஜமான சாப்பாட்டு அலர்ஜி. பட்டியலைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

இனி தோல். அடோபி வாகுக்காரர்கள் பலருக்குத் தோலிலேயே ஒரு பிறவிக் குறை உண்டு. ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணு பழுதுபட்டிருப்பவர்களுக்கு இந்தக் கரப்பான் அதிகம் வருகிறது என்று ஸ்காட்லாந்தின் டண்டீ ஊர் ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் காட்டினார்கள். பூச்சு விட்டுப்போன தண்ணித் தொட்டி மாதிரிதான் அந்தத் தோல்: உள்ளே இருக்கிற ஈரம் கசிந்து வெளியே போகும், வெளியே இருக்கிற கண்டதும் உள்ளே இறங்கும். அப்படி இறங்குவதைத்தான் உடம்பு எதிரி என்று குறித்துவைத்துக்கொள்கிறது. களிம்பைவிட ஈரப்பசைக்கு டாக்டர்கள் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இதைக் கேட்ட பிறகுதான் விளங்கியது.

எங்கள் வீட்டில் மாற வேண்டியிருந்தது சனிக்கிழமைக் குளியல். எண்ணெய் தேய்த்து, அரப்பு இலைப் பொடியைக் கரைத்து உச்சியிலிருந்து கால்வரை தேய்த்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றி, கடைசியில் சாம்பிராணிப் புகை. இதில் எண்ணெயைத் தவிர மற்ற எல்லாமே காய்ந்த தோலுக்கும் இளைப்பு நெஞ்சுக்கும் ஆகாதவை. அரப்பு எண்ணெயோடு தோலின் சொந்தப் பசையையும் எடுத்துவிடும். சாம்பிராணி, கொசுவர்த்தி, பீடி எல்லாம் நெஞ்சுக்குப் புகைதான், சாமிக்குப் போட்டது என்று நெஞ்சு சலுகை காட்டாது. இப்போது வெதுவெதுப்பான தண்ணியில் சுருக்கமான குளியல், ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத க்ரீம் தாராளமாக. க்ரீம் கட்டுப்படியாகாத மாதத்தில் வெறும் வாசலின். சாம்பிராணிக்கு மட்டும் மாமியாரோடு உடன்படிக்கை: சாமி அறையில் போடலாம், பையன் அப்போது வாசலில் இருப்பான்.

ஸ்டீராய்டு களிம்பைக் கண்டு பயப்படுகிறவர்களும், பயமே இல்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்கி ‘எல்லாத்துக்கும் போடற’ கலவைக் களிம்பைத் தேய்க்கிறவர்களும் ஒரே வீட்டில் இருப்பார்கள். இரண்டாவது கூட்டம்தான் ஆபத்து. அந்தக் கலவைகளில் பல நேரம் மிகக் கடுமையான ஸ்டீராய்டு இருக்கும். படர்தாமரைக்குப் போட்டால் அடையாளமே தெரியாமல் பரவும். டாக்டர் எழுதிய களிம்புக்கு ஒரு கணக்கு உண்டு: பெரியவர் ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரைக்கும் ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவர் கை இரண்டின் உள்பக்கம், விரல்களோடு சேர்த்து, எவ்வளவு பரப்போ அவ்வளவு தோலுக்கு அது போதும். டாக்டர் சொன்ன நாளுக்கு அந்த அளவு போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. பயந்து பயந்து பொட்டு வைத்தால் அரிப்பும் அடங்காது, ட்யூபும் தீராது.

தூசுச் செள்ளு கண்ணுக்குத் தெரியாது. மெத்தை, தலையணைக்குள் நம் தோல் செதிலைத் தின்று பிழைக்கிற பிராணி. அலர்ஜி கொடுப்பது அதன் எச்சம். வருஷக்கணக்கில் பிரித்துக் கொட்டாத இலவம்பஞ்சு மெத்தை அதற்குச் சொர்க்கம். வெயிலில் போடுவது நல்லது, ஆனால் செத்த செள்ளும் எச்சமும் உள்ளேயே கிடக்கும். தட்டுகிற வேலை பிள்ளை இல்லாத பக்கம் நடக்கட்டும். விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை நல்ல சூட்டுத் தண்ணியில், ஏறக்குறைய 60 டிகிரியில், ஊறவைத்துத் துவைத்தால் செள்ளு சாகும். பையனுக்குப் பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டு, துவைத்துப் போட வசதியான பருத்தி விரிப்பாக மாற்றினோம். காலைத் தும்மல் குறைந்தது. கணவர் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து வரும்போது சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் பஞ்சுதான் காரணம் என்று அதுவரை எல்லோரும் அவரைத் திண்ணையிலேயே சட்டையைக் கழற்ற வைத்துக்கொண்டிருந்தோம்.

பஞ்சைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. அலர்ஜி மாதிரி இருப்பதையெல்லாம் ‘அடோபி’ என்று எழுதுவதும் பேசுவதும் தப்பு. வம்சத்தோடு வரும் வாகு, அதுவும் ஐஜிஇ வழியாக வேலை செய்வது, அதற்குத்தான் இந்தப் பெயர். ஊசிக்குத்திலோ ரத்தத்திலோ அந்த ஐஜிஇ தெரிந்த பிறகே அடோபி என்று சொல்ல வேண்டும் என்று உலக ஒவ்வாமை அமைப்பு 2003-ல் வரையறுத்தது. சீட்டில் அடோபிக் டெர்மடைட்டிஸ் என்று இருக்கும் சிலருக்கு ஐஜிஇ சாதாரணமாகவே இருப்பதும் உண்டு. தோல் டாக்டர்கள் பழைய பெயரை விடவில்லை, அவ்வளவுதான்.

நூல் மில்லில் வேலை செய்கிறவருக்கு வார லீவு முடிந்து போகிற முதல் நாள் நெஞ்சு இறுக்கினால் அது பிசினோசிஸாக இருக்கலாம். பஞ்சுத் தூசு நுரையீரலைக் கெடுப்பது. வம்சத்தில் ஆஸ்துமாவே இல்லாதவருக்கும் வரும். என் பெரியப்பா கதை இன்னொரு வகை. தோட்டத்தில் பார்த்தீனியம் பிடுங்குகிறவர். கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கருத்து, பார்க்க அச்சு அசலாகப் பையனுடையது மாதிரியே இருந்தது. “அதே வம்சந்தான்” என்று பையனின் களிம்பையே போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் செடியின் தடிப்பு ஐஜிஇ வழி வருவதல்ல, தோலில் பட்டுத் தாமதமாகக் கிளம்புகிற வேறு ரகம். அதற்கு ஊசிக்குத்து உதவாது. முதுகில் பட்டை ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் வேண்டும். ஐம்பது வயசுக்கு மேல் முதன்முதலாகக் கரப்பான் வந்தால் வம்சத்தைப் பார்ப்பதற்கு முன் வரப்பைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதேபோல அடோபி வாகு இருப்பதாலேயே பென்சிலினும் தேனீக் கடியும் ஆகாது என்று கிடையாது. அவை தனிக் கணக்கு.

பையனுக்குத் தோல் அடங்கி வருகிற சமயத்தில் மூக்கு ஆரம்பித்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் புழுதியைக் கிளப்பும்போது இருமலும் சேர்ந்தது. தோலில் தொடங்கி மூக்குக்கும் நெஞ்சுக்கும் நகர்கிற இந்த வரிசைக்கு டாக்டர்கள் ‘அடோபிக் மார்ச்’ என்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அது முழு தூரம் நடப்பதில்லை. எங்களுக்கு மூன்று டாக்டர்கள் ஆனார்கள். மூவரும் தனித்தனியே ஒரே அரிப்பு மாத்திரையை வேறு வேறு பெயரில் எழுதியதைக் கவனித்த பிறகு, ஃபைலின் முதல் பக்கத்தில் வம்ச விவரம், ஊசிக்குத்து முடிவு, ஓடிக்கொண்டிருக்கிற மருந்துகள் மூன்றையும் எழுதி ஒட்டிவிட்டேன். மூக்கு ஸ்ப்ரேயை வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும், நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாகக் காட்டி அடிக்க வேண்டும், ரத்தம் கசியாது. பலன் தெரியச் சில நாள் ஆகும். இன்ஹேலர் ‘பழகிடும்’ என்பது நம் ஊரின் பெரிய பயம். மாத்திரையிலும் சிரப்பிலும் மில்லிகிராமில் போகிற ஸ்டீராய்டு இதில் மைக்ரோகிராமில், நேராக நுரையீரலுக்குப் போகிறது. சின்னப் பிள்ளைக்கு இன்ஹேலரில் மாட்டுகிற ஸ்பேசர் குழாய் கட்டாயம், அடித்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

இப்போது சித்தி மகள் இரண்டாவதாக முழுகாமல் இருக்கிறாள். அவளுக்குக் கரப்பான், மாப்பிள்ளைக்கு ஆஸ்துமா. “அக்கா, இதுக்கும் வராம இருக்க என்ன பண்ணோணும்?” என்று கேட்டாள். பிறந்த நாள் முதல் க்ரீம் தடவினால் தடுக்கலாமா என்று இங்கிலாந்தில் 1,394 குழந்தைகளிடம் சோதித்து, தடுக்கவில்லை என்று 2020-ல் வெளியிட்டார்கள் என்று டாக்டர் எனக்குச் சொன்னதைச் சொன்னேன். வரட்சி தெரிந்தால் தடவு, முன்கூட்டியே ட்யூப் வாங்கி அடுக்காதே. கடலையைத் தள்ளிப்போடுவதும் பழைய யோசனை. கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளை வைத்து லண்டனில் செய்து 2015-ல் வெளியான ஆய்வில், சீக்கிரமே கடலை கொடுக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்குக் கடலை அலர்ஜி ஐந்தில் நாலு பங்கு குறைந்தது. கரப்பான் கடுமையாக இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், முழுப் பருப்பாகக் கொடுக்காமல் மையாக அரைத்துக் கூழில் கலந்து கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கர்ப்பத்தில் அவள் எதையும் ஒதுக்கத் தேவையில்லை. வீட்டில் புகை மட்டும் கூடாது.

அவள் மாமனார் பீடி குடிப்பவர், கட்டில் பிரசவ அறைக்கு நேர் வெளியே. அவரிடம் அதைச் சொல்லப் போவது மாப்பிள்ளையா, என் சித்தியா என்று இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.